புயல் போய் ஒன்பதாவது வாரம்

புயல் வருவதற்கு முதல் நாள் மத்தியானமே என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கரண்டு ஆபீஸில் லைன்மேன். கடற்கரைப் பக்கம் புயல் கரையேறும், கம்பங்கள் சாயும், ஆள் வேண்டும் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்களைத் திரட்டினார்கள். கயிறு, கையுறை, இரண்டு செட் துணி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய சார்ஜர். தெருமுனையில் லாரி நின்றது.

"மூணு நாளுதான். நீ எதையும் தூக்காத. தண்ணி வந்தா கடைசி வூட்டு அக்காவ கூப்புடு" என்று சொல்லிவிட்டு ஏறினார். திரும்பி வர இருபத்திரண்டு நாள் ஆனது.

அப்போது எனக்கு ஆறாவது மாதம் தொடங்கியிருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத் தங்கிய கரு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் தாழ்வான இடத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் குடியிருந்தோம். ஏழு வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. கடைசி வீட்டுக்கு மட்டும் தளம் போட்டிருந்தார்கள். எட்டு வீட்டுக்கும் சேர்த்துப் பின்னால் இரண்டு கக்கூஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது முழுக்க அந்தக் கக்கூஸில்தான் தொடங்கியது. மூன்று வருடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். இப்போது கூச்சப்படவும் தெம்பில்லை.

காற்று காலை பத்து மணிக்குப் பிடித்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் வலுவிழந்துவிடும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். வலுவிழந்த காற்றுதான் எங்கள் அடுப்பங்கரை ஷீட்டை மூலையில் பிடித்து ஆட்டியது. முதலில் ஒரு விரிசல் சத்தம். நான் அரிசி டப்பாவைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஷீட்டு இருந்த இடத்தில் வானம் இருக்கிறது. மழை நேராக அடுப்பின் மேல் கொட்டியது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், ஆஸ்பத்திரி ஃபைலை முந்தானைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்ததுதான். எட்டடி பத்தடி தூரம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஃபைல் நனைந்துவிட்டது. அதற்குள் இருந்த இரும்புச்சத்து மாத்திரைகள் கரைந்து, ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் துருப்பிடித்த நிறத்தில் ஒட்டிக்கொண்டது.

கடைசி வீட்டு அக்கா பக்கத்து ஸ்கூலில் ஆயா. ஐம்பது வயதிருக்கும். தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய்விடுவார், மற்ற நாளெல்லாம் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு வரிசை முழுக்க அவருடைய ஒரே அறைக்குள் வந்து நின்றது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பத்தொன்பது பேர்.

"வயித்துப் புள்ளக்காரிக்குக் கட்டிலு. மத்தவங்க எங்கனா நில்லுங்க" என்றார்.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் ஏறியது. ஏரி உடைந்ததா, மணிமுத்தாறு தாண்டியதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முதலில் வாசற்படி, பிறகு கணுக்கால், சாயங்காலத்துக்குள் முழங்கால். கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அதன் மேல் நானும் நாலு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நாலு நாள் அப்படியே நின்றது.

கக்கூஸ் இரண்டும் முதல் நாளே மூழ்கி, தொட்டி நிரம்பி மேலே வந்துவிட்டது. ஆண்கள் எங்கேயோ நடந்துபோய் வந்தார்கள். பெண்களுக்கு அறையின் மூலையில் ஒரு பக்கெட்டு. இரண்டு பேர் சேலையை மறைவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு யாராவது அதை வெளியே ஊற்ற வேண்டும். எல்லாரும் அப்படித்தான் போனார்கள், யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னால் முடியவில்லை. சேலைக்கு அந்தப் பக்கம் என் கணவரோடு வேலை பார்ப்பவரின் அப்பா உட்கார்ந்திருந்தார். எனக்கு வராது. அடக்கிக்கொண்டேன். அடக்குவதற்குச் சுலபமான வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், அதுவும் மாத்திரை விழுங்குகிறவள்போல மிடறு மிடறாக.

"தண்ணி குடிச்சியா?" என்று அக்கா மணிக்கு ஒரு தரம் கேட்பார்.

"குடிச்சன்க்கா."

"எங்க குடிச்ச? சொம்பு நெறய அப்படியே இருக்குது."

"இப்பதான் வேணாம்னு வெச்சன்."

அவர் பத்தொன்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னை மட்டும் காவல் காக்க அவருக்கு நேரமில்லை.

மூன்றாம் நாள் குழந்தை அசைவது குறைந்ததுபோல் இருந்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை என் மேல் சாய்ந்து தூங்கியது. அதன் தலை பட்ட இடத்தில் உள்ளேயிருந்து ஒரு தட்டு. அழுகை வந்தது. அழுதால் அக்கா ஓடி வருவாரே என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அம்மா வந்தாள். வேப்பூருக்கு உள்ளே எங்கள் ஊர். ரோட்டில் மரங்கள் விழுந்து பஸ் இல்லை. மெயின் ரோடு வரை டிராக்டர், அங்கிருந்து மாட்டுத்தீவன லாரி, கடைசி மூன்று கிலோமீட்டர் நடை. வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பிறகு கூரையில்லாத அடுப்பங்கரையைப் பார்த்தாள்.

"மாப்ள எங்கடி?"

"கடலோரத்துல. கம்பம் நடறாங்க."

"ஊருக்கெல்லாம் கரண்டு குடுக்கறதுக்குப் போயிட்டாரு. பொண்டாட்டி இங்க சேத்துல கெடக்குறா."

இந்த வாக்கியத்தை அம்மா அதற்குப் பிறகு மூன்று வருடம் விதவிதமாகச் சொன்னாள்.

அவர் ஆறாம் நாள் யாருடைய போனிலிருந்தோ பேசினார். ஒரு நிமிடம் இருக்கும்.

"சாப்டியா?"

"சாப்டன். நீங்க?"

"ம். வயிறு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"தண்ணி வந்துதா?"

"வந்துது. வடிஞ்சிடுச்சு."

பின்னால் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "வச்சிடறேன்" என்றார். எங்கள் தெருவுக்குக் கரண்டு வர இன்னும் பதினோரு நாள் ஆனது. வேறு ஊரிலிருந்து வந்த லைன்மேன்கள் இணைத்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் வடிந்த வாரம் ஸ்கூலில் மருத்துவ முகாம் போட்டார்கள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். வரிசை கேட் வரை நின்றது. மேஜையில் ஒரு இளவட்டப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். காய்ச்சல் உண்டா, பேதி உண்டா, சேற்றுப்புண் உண்டா என்று பாடம் ஒப்பிக்கிறமாதிரி கேட்டான். கர்ப்பிணி என்றதும் நிமிர்ந்தான். "வேற எதனா தொந்தரவு இருக்குதாம்மா? நீர் போறதுல எரிச்சல் கிரிச்சல்?"

இருந்தது. இரண்டு நாளாக நெருப்பாக எரிந்தது. எனக்குப் பின்னால் தெருவே நின்றது, அந்தப் பெரியவரும் நின்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் எழுதிக்கொண்டு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினான். அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. இதைத் திருப்பித் திருப்பி யோசித்துத் தேய்ந்துவிட்டேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு குளிர்க்காய்ச்சல் வந்தது. நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கினோம். நாலு நாளில் விட்டுவிட்டது. எரிச்சல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்துக்கொண்டே இருந்தது. வயிறு பெரிதாவதால் வரும் வலி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த மாதச் செக்கப் தப்பிப்போனது. போக வேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை. பஸ் ஓடத் தொடங்கியபோது வீட்டில் சேறு வாரிக்கொண்டிருந்தோம்.

இருபத்திரண்டாம் நாள் அவர் வந்தார். இரண்டு உள்ளங்கையும் உரிந்து கிடந்தன. கையில் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். இரண்டு நாள் தூங்கினார். எழுந்ததும் கூரை ஏறிப் புது ஷீட்டு போட்டார். நாங்கள் உட்கார்ந்து எதையும் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கும் சொல்லத் தெம்பில்லை, எனக்கும் கேட்கத் தெம்பில்லை.

மார்கழி முடியும்போது நான் மறுபடி வேலைக்குப் போனேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிறார்கள். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து மழமழப்பாக்குவது என் வேலை. புயலில் சூளை நனைந்து மூன்று வாரம் மூடிக்கிடந்ததால் வேலை குவிந்திருந்தது. உட்கார்ந்த வேலைதானே என்று நானும் நினைத்தேன். தை கடைசியில் வளைகாப்புக்கு நாள் குறித்தோம். அம்மா கண்ணாடி வளையல் ஏழு டஜன் வாங்கி வைத்திருந்தாள்.

வளைகாப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலை பதினொன்றரை மணி டீ நேரத்தில், எழுந்து நின்றேன். தொடை வழியாகத் தண்ணீர் இறங்கியது. பஞ்சு நனைத்த வாளியைத் தட்டிவிட்டேனோ என்றுதான் முதலில் குனிந்து பார்த்தேன். வாளி அப்படியே இருந்தது. பக்கத்தில் வேலை செய்த பெண் என் சேலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எத்தினி மாசம் இது?" என்றாள்.

"எட்டுதான் பொறந்திருக்குது."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, நான்தான் மெதுவாக இருந்தேன். ஆட்டோ. விருத்தாசலம் ஆஸ்பத்திரி. குழந்தையின் நுரையீரலுக்கு என்று எனக்கு ஒரு ஊசி. குறைமாதக் குழந்தையைச் சூட்டில் வைக்கும் பெட்டி வசதி இங்கே போதாது, கடலூருக்குப் போங்கள் என்று ஆம்புலன்ஸ் ஏற்றினார்கள். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து தன் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை. ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா, முக்காத, முக்காத" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. பிறகு ஒரு பூனைக்குட்டிச் சத்தம். என் முகத்துக்கு நேரே ஒரு நொடி காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிலோ முந்நூற்று எண்பது கிராம். நான் பார்த்தது ஒரு காலை மட்டும். என் ஆள்காட்டி விரல் கனம் இருந்தது அது.

இருபத்தேழு நாள் அங்கே இருந்தோம். குழந்தை பெட்டிக்குள். மூக்கில் மூச்சுக்கு ஒரு குழாய், வாயில் பாலுக்கு ஒரு குழாய், காலில் நாடித்துடிப்பு பார்க்க ஒரு சிவப்பு விளக்கு. தாய்மார்களுக்கு எதிரே ஒரு ஹால். இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலைப் பீய்ச்சி சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் நாலு நாள் எனக்கு கிண்ணத்தின் அடி நனையும் அளவுகூட வரவில்லை. அதைக் கொடுக்கவே வெட்கமாக இருக்கும். அந்தப் பிரிவில் இருந்த மூத்த சிஸ்டர் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து, "ரெண்டு மில்லி இருக்குது. அதுக்கு வயிறே அவ்ளோதான். கொண்டா" என்று வாங்கிக்கொள்வார்.

தினமும் காலையில் எடை போடுவார்கள். முதல் வாரம் ஏறாது, இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லியிருந்தும் ஆயிரத்து இருநூற்று எழுபது என்று கேட்ட அன்றைக்கு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் லீவு கிடைக்கிற நாளெல்லாம் பஸ் ஏறி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போவார். உள்ளே விட்டாலும் தொட மாட்டார். "கை சொரசொரன்னு இருக்குது" என்பார்.

பத்தாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் குழந்தையை என் நெஞ்சில், தோலோடு தோலாக, துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள். அசையாமல் சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் தடவை நான் மூச்சுவிடவே பயந்தேன். அப்போதுதான் சிஸ்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு நீ?"

"விருத்தாசலம்."

"புயல்ல தண்ணி வந்துதா ஒங்க பக்கம்?"

"நாலு நாளு நின்னுது."

"அதுக்கப்புறம் காய்ச்சல் வந்துதா?"

"வந்துது."

"யூரின் டெஸ்டு எடுத்தியா?"

குழந்தையின் தலை என் தாடைக்குக் கீழே சூடாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட்டு, சேலை மறைவு, ஒரு டம்ளர் தண்ணீர், முகாமில் நான் சொன்ன பொய். சொல்லும்போது அழக்கூட முடியவில்லை, அழுதால் நெஞ்சு குலுங்கும், குழந்தை விழித்துக்கொள்ளும்.

சிஸ்டர் ஆச்சரியப்படவில்லை. "நீ ஒருத்திதான்னு நெனச்சியா? அதோ அந்த மூலை பெட் பொண்ணு, அவளும் தண்ணி குடிக்காமதான் கெடந்துருக்கா. அங்க அவங்க வூட்டுல கக்கூஸே அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. புயல் வந்துட்டுப் போனா ரெண்டு மூணு மாசத்துக்கு எங்களுக்கு இங்க பெட்டி பத்தாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருக்கும். ஒருத்திக்குப் பிரஷரு, ஒருத்தி மாத்திரயே சாப்டல, ஒருத்திக்குப் பயத்துல சாப்பாடே எறங்கல."

"அப்ப என்னாலதானா சிஸ்டர்?"

"ஒன்னாலன்னு நான் சொன்னனா?" என்று எழுந்துவிட்டார். பெட்டி ஒன்றின் அலாரம் கத்தத் தொடங்கியிருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். சின்ன வயது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, நின்றுகொண்டே தூங்கிவிடுவார்போல இருந்தார். இந்தக் குழந்தை சீக்கிரம் பிறந்ததற்குப் புயல்தான் காரணமா என்று கேட்டேன்.

"இந்த ஒரு குழந்தைக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். "புயல் இல்லாத வருஷத்துலயும் குறைமாசத்துல பொறக்குது. ஆனா வயித்துல இருக்கும்போது இப்படி ஒண்ணு நடந்தா எடை கம்மியாவும் முன்னாடியேவும் பொறக்கறது ஜாஸ்தியாகுதுன்னு எங்களுக்குத் தெரியும். கிருமி, தண்ணி, சாப்பாடு, தூக்கம், பயம், செக்கப் விட்டுப்போறது, எல்லாம் சேந்து வருது. எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது."

எனக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. என் பங்கு இவ்வளவு என்று தெரிந்தால் அதை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஒரு கிலோ எண்ணூறு ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலாடையில் பால் புகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணை இந்தத் தேதியில் காட்ட வேண்டும், காதை இந்தத் தேதியில், தலைச்சுற்றளவு இந்தத் தேதியில் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். ஒரு தேதியும் தப்பவிடவில்லை. கண் பரிசோதனை அன்று இமையைக் கம்பியால் விரித்துப் பார்த்தார்கள். அது வீறிட்டு அழுதது. நல்ல சத்தமாக அழுகிறதே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. கண்ணில் குறையில்லை. காதிலும் இல்லை.

மார்பில்தான் குறை. பருவம் மாறினால் இழுப்பு வரும். முதல் வருடம் மட்டும் நாலு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் ஆவி பிடிக்கும் மிஷின் வாங்கி வைத்தோம். நான் கம்பெனியை விட்டு நின்றுவிட்டேன். பீங்கான் தூசி துணியில் ஒட்டிக்கொண்டு வரும், அதுவும் ஆகாது என்றார்கள். எட்டு மாதத்தில் தலை நின்றது, ஒன்றேகால் வயதில் உட்கார்ந்தது, இரண்டு வயது நெருங்கும்போது நடந்தது. பேச்சு தாமதம். பயிற்சிக்கு வாரம் ஒரு நாள், பிறகு மாதம் ஒரு நாள் என்று மறுபடி அதே பஸ்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள். வேலைக்குப் போனதால்தான். வளைகாப்பு போடாமல் பெற்றுவிட்டாள். அம்மாவுக்கு ஒரே காரணம், அது மாப்பிள்ளை. அவர் காதில் விழும்படி சொல்வாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். உண்மைக் காரணம் என்று நான் நினைத்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்மேல் பழி விழும்போது என்மேல் விழாமல் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் கடலூருக்குப் போனோம், மூன்று பேருமாக. குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பதினோரு கிலோ. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஓடவிட்டுப் பார்த்தார், படம் காட்டிப் பேச வைத்தார். மாடு, பஸ்ஸு, பூ என்று மூன்றுக்குச் சரியாகச் சொன்னாள், குடையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்" என்றார்.

வெளியே வந்தோம். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கால்தான் கனத்தது. திட்டக்குடி பஸ் நின்றது, விருத்தாசலம் வழி. ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டேன். நெய்வேலி தாண்டியது வரை நினைவிருக்கிறது.

"யம்மா, எழுந்திரிங்க. திட்டக்குடி வந்துட்டுது. எங்க போவணும் நீங்க?"

கண்டக்டர். பஸ்ஸில் வேறு யாருமில்லை. பக்கத்தில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். என் மடியில் குழந்தை. விருத்தாசலம் போய், பெண்ணாடம் போய், மூன்று பேரும் தூங்கியபடியே கடைசி ஸ்டாப்புக்கு வந்திருக்கிறோம். மத்தியானம் மூன்று மணி வெயில். மூன்று வருடத்தில் நான் பகலில் அப்படித் தூங்கியதில்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தைக்குப் பன் வாங்கி, பிய்த்துப் பாலில் தோய்த்துக் கொடுத்தார். அந்த இடத்தில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திடீரென்று சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு நாலு நாளும் நான் தண்ணியே குடிக்கலங்க. பக்கெட்டுல போறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு. அப்புறம் எரிச்சல் வந்துது. யார் கேட்டும் சொல்லல. அதனாலதான் இவ இப்படி."

அவர் பன்னைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"எப்படிச் சொல்றது? நீங்க போன்ல ஒரு நிமிஷம் பேசனீங்க."

"வந்தப்புறம்?"

"வந்தப்புறம் அம்மா ஒங்களையே சொல்லிக்கிட்டு இருந்துது. அப்படியே விட்டுட்டன்."

அவர் குழந்தையின் வாயைத் துடைத்தார். ரோட்டைப் பார்த்தபடி பேசினார். "ஏழாம் நாளு ஆபீசரு என்னைக் கூப்ட்டாரு. ஒன் வூட்டுல முழுகாம இருக்காங்களாமே, ரெண்டு நாளு போய்ட்டு வான்னாரு. ஜீப்பு கூட ரெடியா இருந்துது. கூட இருந்த பையன் ஒருத்தனுக்கு அம்மா படுத்த படுக்கை. அவன அனுப்பிட்டேன். நீதான் போன்ல நல்லா இருக்குதுன்னு சொன்னியே."

"நான் சொன்னன்."

"சொன்ன. அதான் நம்பிட்டேன். நம்பணும்னுதான் இருந்துது. கெராமத்துல நாங்க போனா சோறு போட்டாங்க, எங்களத் தெய்வம் மாதிரி பாத்தாங்க. அத வுட்டுட்டு வர மனசு இல்ல, அதையும் சொல்லிடறேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அவருக்கும் என்மேல் வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் எத்தனையோ நாள் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு, ஒரு பெஞ்சில் இறக்கி வைத்ததும் கை கால் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம். மன்னிப்பு கேட்பதற்குக்கூட யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்போல.

"அத்தகிட்ட சொல்லப் போறியா?" என்றார்.

"சொல்லணும்."

"வேணாம். அவங்களுக்கு வயசாயிடுச்சு. என்னயே சொல்லிக்கிட்டு இருக்கட்டும்."

"அதெப்படிங்க?"

"பழகிட்டுது" என்றார்.

நான் சொல்லிவிட்டேன், அடுத்த வாரமே. அம்மா நம்பவில்லை. புருசனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாய் என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டே, "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் புடிச்சிக்கிட்டு நின்னுருப்பனே சேலய" என்றாள். அவள் அங்கே வந்தது ஐந்தாம் நாள் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

அன்றைக்குத் திட்டக்குடியில் பஸ் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இன்னொரு டீ குடித்தோம். குழந்தை பெஞ்சிலிருந்து இறங்கி, நிற்கிற பஸ்களின் டயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னாலேயே குனிந்தபடி நடந்தார். மார்பு சத்தம் போடுகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஒரு பழக்கமாகிவிட்டது, தூங்கும்போதுகூட ஒரு காது அங்கேதான் இருக்கும். சத்தமில்லை. பஸ் வந்ததும் அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ தூங்கு. இந்தத் தடவ நான் முழிச்சிருக்கேன்" என்றார்.

விருத்தாசலத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினார். பெண்ணாடம் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.